தாடி அடித்த சீட்டுக்கட்டு

மாப்ளே,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. ரங்கூன் கரண்ட் பழைய கதைதான்.

நேற்று ராத்திரி கரண்ட் போனதும் நம் தாடி தன் பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தான். கார்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் ஹ்யூமானிட்டி ஆடுவோமே, கறுப்புச் சீட்டில் கோடிட்ட இடம், வெள்ளையில் விடை, நடுவருக்குச் சிரிப்பு வந்தால் புள்ளி, அதேதான். காசுக்கு விற்காதவரை யாரும் மாற்றி அச்சடிக்கலாம் என்று உரிமம் இருக்கிறது. தாடிக்கு அது போதாதா? ஸ்டார்ட்அப்காரர்களைக் கிண்டலடித்து, தமிழில் எழுதி, ஜெராக்ஸ் கடையில் தடித்த தாளில் அடித்துவிட்டான்.

‘எங்கள் ஆப் ______ஐ ஒழித்துக்கட்டும்’ என்று வந்தது. சித்தப்பா ‘மொகிங்காக்காரம்மாவின் கடன் நோட்டு’ போட்டார். மீன் நூடுல்ஸ் விற்கும் அந்தம்மா நோட்டை எவன் ஒழிப்பான்? இன்னொன்று, ‘கையால் பிழிந்தாலே வரும் சாறு’. ஜூசெரோ ஞாபகம் இருக்கிறதா? சுமார் 12 கோடி டாலர் முதலீடு வாங்கிய ஜூஸ் மெஷின். பாக்கெட்டைக் கையால் பிழிந்தாலே போதும் என்று 2017இல் ஊர் சிரித்தது, அந்த வருஷமே மூடினார்கள். இந்தச் சீட்டு விளையாட்டோ ஊராரிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் கேட்டதே 4,000 டாலர். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் நான் நடுவர். ‘சம்பளம் அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம், ஏனென்றால் நாம் ______.’ வந்த சீட்டுகளில் ஒன்று, ‘ஒரே குடும்பம்’.

போட்டவன் சின்னவன். லப்பெட் என்ற ஊறவைத்த தேயிலைத் தட்டிலிருந்து வறுத்த பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

2014இல் சிம் 1,500 கியாட்டுக்கு வந்ததும் ஊரே போனில் விழுந்தது, நாமும் அந்த அலையில் கடை போட்டோம். 2021இல் இழுத்து மூடினோம். கடைசிக் கூட்டத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்னது நான். பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நின்றது நீ. தாடிக்கு இது தெரியாது, ஏதோ இணையத்தில் பார்த்து எழுதியிருக்கிறான்.

புள்ளி அவனுக்குத்தான் கொடுத்தேன். ‘நன்றி அண்ணே’ என்றான், அவ்வளவுதான்.

சின்னவனுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. மற்ற நாலு பேருக்கும் அதேதான். பழைய நோட்டைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டேன், தாள் உள்ளே இருக்கிறது. பாதி உன்னுடையது. சிங்கப்பூரில் வாடகை அதிகம் என்று ஆரம்பிக்காதே. தீபாவளிக்குள் அனுப்பு.

தாடி உனக்கும் ஒரு கட்டு வைத்திருக்கிறான்.

உன்,
மொட்டை