கையில் பார்க்கும் பிரஷர் வேறு, கண்ணில் பார்க்கும் பிரஷர் வேறு

மதுரை மாவட்டச் சுகாதாரத் துறைப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சுகர். போன ஆவணியில் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, விழித்திரையும் விலகி, மதுரையில் ஆபரேஷன் நடந்தது. விழித்திரை ஒட்டி நிற்பதற்காகக் கண்ணுக்குள் கேஸ் நிரப்பி, குப்புறப் படுக்கச் சொல்லி அனுப்பினார்கள். ஆபரேஷனில் குறை ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் ராத்திரி இடப்பக்கம் தலையைப் பிளக்கிற வலி, இரண்டு தடவை வாந்தி. விடிந்ததும் பக்கத்து டவுனில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். "கண் ஆபரேஷன் ஆனவர், பிரஷர் பார்க்கணும்" என்றேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்கள். 130/80, நார்மல் என்றார்கள். பித்தம் என்று ஓர் ஊசி. நானும் நம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் வலி தாங்காமல் பஸ் ஏறி, மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கண் மருத்துவமனைக்குப் போனோம். கண் பிரஷர் 44. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது.

கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கினால் அந்த அழுத்தம் ஏறும். உள்ளே இருக்கும் கேஸ் விரிந்தாலும் ஏறும். ஆபரேஷனுக்குப் பின் விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் சிலருக்குச் சில வாரம் கழித்து ஏறும். சுகர் முற்றிய கண்ணில் புதிதாக முளைக்கிற ரத்தக் குழாய்கள் நீர் வடியும் வழியை அடைத்துக்கொள்வதும் உண்டு. வலியே தெரியாமலும் ஏறும் என்பதால், அளந்து பார்த்தால்தான் தெரியும். அது பார்வை நரம்பை நசுக்கும். செத்த நரம்புக்கு வைத்தியம் கிடையாது.

டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் மதுரை. கண் என்றால் எங்கெங்கிருந்தோ இங்கே வருகிறார்கள். இந்த மாவட்டத்துக்காரர்களே ஊர் திரும்பிய பிறகு கண் பிரஷர் பார்க்க அலையக்கூடாது.

மரத்துப்போகும் மருந்துகூட விடாமல் கையில் பிடித்தே அளக்கும் கருவி வந்துவிட்டது. தாலுகா மருத்துவமனை ஒவ்வொன்றிலும் அதை வைத்து, கண் மருத்துவ உதவியாளர் எந்த நாள், எத்தனை மணிக்குப் பார்ப்பார் என்று வாசலில் எழுதிப் போடுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர் மாத்திரை கொண்டுவரும் அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசுகிறவர். கண் ஆபரேஷன் ஆனதா, பிரஷர் பார்த்தாச்சா என்று அவரையே கேட்கச் சொல்லலாம். ஆபரேஷன் முடிந்து போகிறவர் கையில் தமிழில் ஒரு தாளும் வேண்டும்: தலைவலியோ வாந்தியோ வந்தால் அன்றைக்கே கண் பிரஷர் பார்க்கணும், கேஸ் கரையும்வரை விமானம் கூடாது, கொடைக்கானல் மலையும் ஏறக்கூடாது. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைந்து கேஸ் விரியும். எங்கள் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

அப்பா இப்போது தினமும் காலையில் வலது கண்ணை மூடிக்கொண்டு காலண்டர் முன்னால் நிற்கிறார். தேதி தெரிகிறது. கீழே ராகுகாலம் தெரியவில்லை. வீக்கம் வற்றினால் இன்னும் கொஞ்சம் தெளியலாம், மாதக்கணக்கில் ஆகும், நரம்பில் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

தை மாதம் வலது கண்ணுக்கு ஆபரேஷன். அதற்குள் எங்கள் பக்கம் கருவி வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மகள்