நான்கு பெஞ்சுகள்

அன்புள்ள தேவராஜ்,

நம் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். இரண்டு நாளாக அந்த வரியிலேயே நிற்கிறேன்.

இங்கே இங்கிலாந்தில் நான் போகும் ஆங்கிலிக்கன் கோயிலில், சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு இடம் வேண்டி நான்கு பழைய பெஞ்சுகளை எடுக்க நினைத்தோம். அதற்குத் திருமண்டல நீதிமன்றத்தில், அதாவது பிஷப்பின் பகுதிக்கான திருச்சபை நீதிமன்றத்தில், மனுப் போட வேண்டியிருந்தது. கிடைக்கும் அனுமதிக்கு ‘ஃபேக்கல்ட்டி’ என்று பெயர். வாசலில் 28 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும், யாரும் ஆட்சேபிக்கலாம். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது.

விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. 1913-இல் புராதனச் சின்னங்களுக்கான சட்டம் வந்தபோது, ஆராதனை நடக்கும் கோயில்களுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். திருச்சபை தன் கட்டடங்களைத் தானே ஒழுங்காகக் கண்காணிக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. சில்லறைப் பழுதுகளுக்கு அனுமதி வேண்டாம். கொஞ்சம் பெரிய வேலை என்றால் பிஷப்புக்குக் கீழே இருக்கும் மூத்த குருவான ஆர்ச்டீக்கன் எழுதிக்கொடுத்தால் போதும். அதற்கும் மேலே போனால் திருமண்டல நீதிமன்றத்தின் சான்சலர் என்ற நீதிபதி. இந்த மாற்றம் கட்டடத்தின் சிறப்பைக் கெடுக்குமா, எவ்வளவு கெடுக்கும், அதை ஈடுகட்டும் நன்மை சபைக்கு உண்டா என்று அவர் கேட்பார்.

எல்லாவற்றையும் மறுக்கிற ஏற்பாடும் அல்ல இது. லண்டனில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் கட்டிய செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் கோயிலின் நடுவில், சிற்பி ஹென்றி மூர் செதுக்கிய, நற்கருணைக்கான வட்டமான கல் பீடம் இருக்கிறது. திருமண்டல நீதிமன்றம் அதை வைக்க விடவில்லை. நற்கருணைக்கு ‘மேசை’ அல்லவா வேண்டும், இந்தக் கல்லை மேசை என்று சொல்ல முடியுமா என்பதுவரை வாதம் போனது. 1987-இல் மேல்முறையீட்டில் அனுமதி கிடைத்தது. போன மாதம் அதன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே குவிமாடத்திலிருந்து வெளிச்சம் நேராக அந்தக் கல்லில் இறங்குகிறது. அனுமதித்தது சரிதான்.

நம் ஊரில் சபை பெருகியிருக்கிறது, இடம் போதவில்லை, அது நியாயம். ஆனால் ‘வேறு வழியே இல்லையா’ என்று யாராவது ஒருவர் வாய்விட்டுக் கேட்க வேண்டாமா? சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் நீ இருக்கிறாயே, நீ கேள். பழையதை வைத்துக்கொண்டு பக்கத்துக் காலி இடத்தில் கட்ட முடியுமா என்று ஒரு பொறியாளரை வைத்துப் பார்க்கச் சொல். அதற்குள் தூண்களையும் ஜன்னல்களையும் அளந்து, சுவரில் பதித்திருக்கும் கல்வெட்டுகளோடு படம் எடுத்து அனுப்பு.

எங்களுக்குப் பெஞ்சு அனுமதி வந்துவிட்டது. ஒன்றை மட்டும் கோயிலுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டுமாம். வடக்குச் சுவர் ஓரமாகப் போட்டிருக்கிறோம்.

அன்புடன்,
ஜெபராஜ்