காய்ச்சல் மருந்தின் தயவில்லாமல்

அன்புள்ள குண்டூசி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பதில் போடாததற்குத் திட்டுவாய், தெரியும். கொஞ்சம் பொறு. இதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையாக வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே எல்லாரும் நலம், இன்றைய தேதிக்கு. அத்தையின் முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஸ்வெட்டர் டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டாராமே? அந்த ஸ்வெட்டருக்கும் ஓய்வு கொடுத்தார்களா இல்லையா, விசாரித்து எழுது.

இனி உன் கேள்விகள். 14 கேள்வி, அதுவும் எண் போட்டு! வார்டனுக்கு மனு எழுதிய அதே கை. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேரை முதன்முதலாகப் பனி கொட்டும் இடத்துக்குக் கூட்டி வரப்போகிறவளுக்குப் பதற்றம் இருக்கும்தான். நான் மட்டும் என்ன, முதல் வருடம் சின்னவனைத் துணிமூட்டையாகக் கட்டி அனுப்பினேன். கை இரண்டும் மடங்காமல் பொம்மை மாதிரி நின்றான். மூக்கு அரித்தால் சொறியக்கூட வழியில்லை, பக்கத்துப் பையன்தான் சொறிந்துவிட்டானாம்.

அதனால் தடியாக ஒன்று வேண்டாம், மெல்லியதாக மூன்று போடு. உடம்பை ஒட்டி இருப்பது பருத்தியாக இருக்கக் கூடாது. அது வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உட்கார்ந்திருக்கும், அப்புறம் அந்த ஈரமே உடம்புச் சூட்டைத் தின்றுவிடும். நடுவில் கம்பளி, வெளியே காற்றும் தண்ணீரும் புகாத கோட்டு. கையுறையில் விரலுக்கு ஓர் அறை வைத்ததைவிட, நாலு விரலும் கூட்டுக்குடித்தனம் செய்கிற வகைதான் சூடு. ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்கு, ஒன்று எப்போதும் நனைந்திருக்கும், இல்லாவிட்டால் தொலைந்திருக்கும். எல்லாவற்றிலும் பெயர் எழுது. பள்ளியில் தொலைந்த பொருள் பெட்டி ஒன்று இருக்கிறது, அதை எட்டிப் பார்த்தால் பாதி வகுப்பு கையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டதோ என்று தோன்றும்.

நீ பின்னி வைத்திருக்கும் மஃப்ளர்களைப் பற்றி மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிறேன், பள்ளிக்குப் போட்டு அனுப்பாதே. சறுக்குமரத்தின் உச்சியில் சிக்கினால் பிள்ளை கீழே வந்துவிடும், மஃப்ளர் மேலேயே நிற்கும். யோசித்துப் பார். கோட்டின் தலைமூடியில் தொங்கும் நாடாவும் இப்படித்தான் பிள்ளைகளின் கழுத்தை இறுக்கி உயிரை வாங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 1996இலேயே, குழந்தைகள் உடுப்பில் அந்த நாடா வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொண்டுவந்தார்கள். யாராவது பழைய கோட்டு கொடுத்தால் முதல் வேலையாக நாடாவை உருவி எறி. கழுத்துக்குக் குழாய் மாதிரி தலைவழியே மாட்டுகிற துணி கிடைக்கும், அது போதும். மஃப்ளரை நீயே போட்டுக்கொள். உனக்குச் சறுக்குமரம் ஏறுகிற வயதில்லை என்று நம்புகிறேன்.

நீ கேட்காத கேள்விக்கும் ஒரு பதில். காரில் பிள்ளையின் இருக்கையில் உட்காரவைக்கும்போது பஞ்சு அடைத்த கோட்டைக் கழற்றிவிடு. கோட்டோடு பூட்டினால் பட்டி இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். மோதினால் அந்தப் பஞ்சு அப்படியே அமுங்கி, பட்டிக்கும் பிள்ளைக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். பட்டியைப் பூட்டிய பிறகு கோட்டைப் போர்வை மாதிரி மேலே போட்டால் சரியாகப் போயிற்று.

ஆறாம் கேள்வி வரைக்கும் முதல் வாரமே மனசுக்குள் பதில் தயார். ஏழாவதில்தான் நின்றுவிட்டேன். “எவ்வளவு காய்ச்சல் இருந்தால் பள்ளிக்கு அனுப்பக் கூடாது?” என்று கேட்டிருந்தாய். குண்டூசி, முதல் வாரம் நான் எழுதாதது சோம்பல். அடுத்த இரண்டு வாரமும் எழுதாததற்குக் காரணம் இந்தக் கேள்வி.

சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் வருடத்துக்கு ஒரு தடவை பனி விளையாட்டு நாள் உண்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டுக்குக் கூட்டிப்போவார்கள். மரமும் சாலையும் இல்லாத சரிவு. எல்லாருக்கும் ஹெல்மெட், எல்லாரும் உட்கார்ந்துதான் சறுக்க வேண்டும், கால்தான் முன்னால் போக வேண்டும். தலையை நீட்டிக்கொண்டு குப்புறப் படுத்துச் சறுக்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், ஓரமாக நிற்க வேண்டும். நடுநடுவே கறுப்புத் துணியில் பனித்துகளைப் பிடித்து லென்ஸ் வைத்து ஆறு முனை இருக்கிறதா என்று எண்ணுவார்கள். முயல் போன தடத்தைத் தேடுவார்கள். பென்குவின் மாதிரி பாதத்தை விரித்து, குட்டிக் குட்டி அடியாக வைத்துப் பனிக்கட்டிமேல் நடக்கப் பழகுவார்கள். சின்னவன் பத்து நாளாக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். முந்தின ராத்திரி ஹெல்மெட்டோடு படுத்துத் தூங்கினான்.

காலையில் எழுப்பப் போனால் காது சுடுகிறது. 38.1 டிகிரி செல்சியஸ். மருத்துவர் கணக்கில் 38 தொட்டாலே காய்ச்சல். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். அது மட்டும் காரணம் என்று எழுதினால் பொய். அன்றைக்கு மத்தியானம் எனக்கு ஆபீசில் ஒரு கூட்டம், தள்ளிப்போட முடியாதது. ஏழு மணிக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன். முக்கால் மணியில் 37.2. “பார்த்தியா, சரியாயிடுச்சு” என்று சத்தமாகச் சொன்னேன். யாருக்குச் சொன்னேனோ.

அந்த மருந்து நாலிலிருந்து ஆறு மணி நேரம் நிற்கும். பதினொன்று இருபதுக்குப் பள்ளி நர்ஸிடமிருந்து போன். பையனுக்கு 39.2, மேட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். போய் நின்றேன். காலையில் எப்படி இருந்தான் என்று கேட்டார். “நன்றாகத்தான் இருந்தான்.” வாய் தானாகச் சொல்லிவிட்டது, டி. கட்டிலில் சுருண்டு கிடந்தவன் கண்ணைக்கூடத் திறக்காமல், “அம்மா மருந்து குடுத்தாங்களே” என்கிறான்.

நர்ஸ் கோபப்பட்டிருந்தால் தேவலை. பேனாவை எடுத்து, “எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி?” என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். இன்னொரு தடவை அதே மருந்தைச் சீக்கிரமாகக் கொடுத்துவிடக் கூடாதே, அதற்குத்தான். என் பொய்யால் மருந்து அளவு மீறி ஈரல் கெடுகிற மாதிரி ஆகியிருக்கலாம் என்பது வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது.

நீ சிரிப்பாய். வெந்நீர் தெர்மாமீட்டர் விவகாரத்தில் இரண்டு பேரும் முட்டி போட்டோமே, அன்றைக்கு இல்லாத காய்ச்சலை வரவழைத்தோம். இன்றைக்கு இருந்த காய்ச்சலை ஒளித்திருக்கிறேன்.

இன்னும் கேள். குளிர்காலம் தொடங்கும்போது பள்ளி எல்லா வீட்டுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பும். கோட்டு, கையுறை, எவ்வளவு குளிர் என்றால் இடைவேளைக்கு வெளியே விடமாட்டார்கள், உறைந்த குளத்துப் பக்கம் போகாதே, சாலையோரம் வண்டி ஒதுக்கிவைத்த பனிக் குவியலில் குகை தோண்டாதே, அது இடிந்து மூடிக்கொள்ளும், உள்ளே பிள்ளை இருப்பது ஓட்டுநருக்குத் தெரியாது, இப்படி இரண்டு பக்கம். இங்கே ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருப்பதால் அதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதியது யார்? நான்தான். “காய்ச்சல் மருந்தின் தயவில்லாமல், 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகே பிள்ளையை அனுப்பவும்.” அந்த ‘தயவில்லாமல்’ என்ற சொல்லுக்காக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல சொல் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அதைப் படித்துவிட்டு ஒருத்தி போன் பண்ணி நன்றி சொன்னாள். சின்னவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவனின் அம்மா. அவனுக்கு இளைப்பு உண்டு. இன்ஹேலரை எப்போது கொடுப்பது, பள்ளியில் யாரிடம் விடுவது எல்லாம் இப்போதுதான் தெளிவாகப் புரிந்தது என்றாள். உனக்குப் புரிந்திருக்குமே, கதை எங்கே போகிறதென்று.

இரண்டு நாள் கழித்து அவன் படுத்துவிட்டான். இன்ஃப்ளூயன்ஸா. சின்னவனுக்கும் அதுதான். அந்தப் பையனுக்கு இளைப்பும் சேர்ந்துகொண்டது. ஒரு ராத்திரி மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான், சாப்பிடுகிறான், நேற்றுப் பனிமனிதன் படம் வரைந்து அனுப்பினான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பிள்ளையிடமிருந்துதான் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வாரம் பள்ளி முழுக்க இருமல். நோய் வெளியே தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பிள்ளைகள் பரப்ப ஆரம்பித்துவிடுவார்கள், ஆக முந்தின நாளே தொற்றியிருக்கலாம். வேறு யாராவது தந்திருக்கலாம். இந்தக் கணக்கையெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்துக்கொண்டு போட்டுப் பார்க்கிறேன். தொற்றி ஒன்றிலிருந்து நாலு நாளில் தெரியும், பெரும்பாலும் இரண்டாம் நாள். எப்படிப் போட்டாலும் அந்தக் கறுப்புத் துணிக்கு மேலே இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு லென்ஸைப் பார்த்த நேரம் கணக்குக்குள் வந்து நிற்கிறது. தடுப்பூசியும் நான் தள்ளிப்போட்டிருந்தேன், “அடுத்த வாரம், அடுத்த வாரம்” என்று. போட்டாலும் அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும்.

இதுவரைக்கும் கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு. அந்தப் பையனின் அம்மா போனில் அழுதாள். “நான்தான் அனுப்பியிருக்கக் கூடாதுக்கா. குளிர்காத்து ஆகாதுன்னு நீங்களே எழுதியிருந்தீங்க. பிள்ளை ஆசைப்பட்டானேன்னு மேட்டுக்கு விட்டுட்டேன்.” குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும், உண்மைதான். அதற்காகத்தான் அந்த வரியை எழுதினேன். ஆனால் குளிரிலிருந்து இன்ஃப்ளூயன்ஸா முளைக்காது, கிருமி இன்னொரு ஆளிடமிருந்துதான் வர வேண்டும். அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. கழுத்துத் துணியை மூக்குவரை ஏற்றிவிட்டு, இன்ஹேலரைக் கொடுத்து, முறையாக அனுப்பினவள். “அப்படியெல்லாம் நினைக்காதே” என்று பொதுவாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அவள் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வருடம் அந்தப் பையனை மேட்டுக்கு அனுப்பமாட்டாள்.

நர்ஸிடம் மறுநாளே போய் முழுதும் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. வீட்டில் இவர் சொல்கிறார், சொல்லி என்ன ஆகப்போகிறது, இரண்டு குடும்பத்துக்கும் நடுவே கசப்புதான் மிச்சம் என்று. நியாயமாகத்தான் படுகிறது. எனக்குச் சாதகமான நியாயம் என்பதால் சந்தேகமாகவும் படுகிறது. நீ என்ன சொல்கிறாய்? சமாதானம் சொல்லாதே, உனக்கு அது வராது.

மீதிக் கேள்விகளை ஓட்டமாக முடிக்கிறேன். வாந்தி, வயிற்றுப்போக்கு சீசனில் கைக்குத் தடவுகிற ஜெல்லை நம்பாதே. அந்தக் கிருமி அதற்கு அவ்வளவாக மசியாது, சோப்பும் தண்ணீரும் 20 விநாடியும் வேண்டும். விரலோ காதோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதே, ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதே. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துவிடும். உடம்புச் சூட்டளவு வெதுவெதுப்பான தண்ணீரில் வை, உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவர். நடுக்கத்தோடு பேச்சுக் குழறினால் காத்திருக்காதே, உடனே ஆம்புலன்ஸ். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. குளத்தில் பனி போதுமான தடிமனா என்று கேட்டிருக்கிறாய். ஆள் நடக்கத் தெளிந்த பனிக்கட்டி 10 சென்டிமீட்டராவது வேண்டும் என்பார்கள், ஆனால் ஒரே குளத்தில் இங்கே ஒரு கனம், அங்கே ஒரு கனம். பிள்ளைகளைப் பொறுத்தவரை பதில் “கிடையாது”. 12ஆம் கேள்விக்கு நேரில் பதில் சொல்கிறேன், எழுத்தில் வேண்டாம்.

தடுப்பூசிக்கு மட்டும் இன்றைக்கே உன் மருத்துவரைப் பார். ஒன்பது வயதுக்குள் முதல் தடவை போட்டுக்கொள்கிற பிள்ளைகளுக்கு நாலு வார இடைவெளியில் இரண்டு தடவை போட வேண்டும் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். நீ கிளம்ப இருப்பது ஐந்து வாரம்.

ஏழாம் கேள்விக்குப் பதில் சுற்றறிக்கையில் இருக்கிறது, நகல் வைத்திருக்கிறேன். நாலாவது வரி.

உன்,
மூக்குறிஞ்சி

பி.கு: இரண்டு பிள்ளைகளின் பாதத்தையும் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. தடித்த காலுறை போட்டபடி வரை. பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் ரத்தம் ஓடாமல் விரல் சில்லிட்டுவிடும். யாருடையது எது என்று பெயர் எழுது, போன தடவை மாதிரி “பெரியது, சின்னது” என்று எழுதி அனுப்பாதே. இரட்டையர், டி.