லட்சத்தீவு அனுமதிச் சீட்டும் ஒரு சாண் நல்ல தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த லட்சத்தீவுப் பயணக் கட்டுரையின் படங்கள் கண்ணைப் பறித்தன. எழுத்தில்தான் கோளாறு. கேரளத்தின் ஒரு மாவட்டம் என்று ஓரிடத்தில் வருகிறது. வெள்ளைக்காரன் விட்டுப்போன கெடுபிடி என்று, தீவில் கால் வைக்கத் தேவையான அனுமதிச் சீட்டைப் பற்றி இன்னோரிடத்தில் வருகிறது. இரண்டும் தவறு. களியக்காவிளை, பாறசாலை, குழித்துறைப் பக்கத்திலிருந்து ரயிலேறி எர்ணாகுளத்தில் இறங்கி, கப்பலும் ஏறிவிடலாம் என்று நம்பிப் போகிறவர்கள் வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

லட்சத்தீவு தனி யூனியன் பிரதேசம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததை நம் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும். அதே நாளில் சென்னை மாநிலத்தின் கணக்கிலிருந்து கழிந்து போனவை இந்தத் தீவுகள். அதுவரை கவரத்தி, மினிக்காய் பக்கம் மலபார் மாவட்டத்திலும், அமினி, கட்மத், கில்த்தான், சேத்லாத் பக்கம் தென் கன்னட மாவட்டத்திலும் இருந்தன. தலைமை அலுவலகம் கோழிக்கோட்டில் இருந்து 1964-ல்தான் கவரத்திக்குப் போனது. லட்சத்தீவு என்ற பெயரே 1973-ல் வைத்தது. பெயரில் லட்சம் இருந்தாலும் எண்ணிக்கை 36, அதிலும் பறளி என்ற ஒரு திட்டைக் கடல் அரித்துவிட்டது. ஆள் வசிப்பது பத்தே தீவுகளில்.

அனுமதிச் சீட்டுக்கு ஆதாரமான விதி 1967-ல் வந்தது, அதாவது சுதந்திர இந்தியா போட்டது. நுழைவையும் தங்குவதையும் கட்டுப்படுத்தும் விதி அது. ஏன் போட்டார்கள் என்பதை அந்தத் தீவின் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் புரியும்.

மொத்த நிலப்பரப்பு சுமார் 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் 64 ஆயிரத்துச் சொச்சம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கு மேல்; அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 555. ஆறில்லை, குளம் சொல்லும்படி இல்லை, மலை கிடையாது. நிலம் கடல்மட்டத்துக்கு மேலே ஓரிரு மீட்டர்தான் நிற்கிறது. மண் என்று சொல்வதும் பவளப்பாறை பொடிந்த வெள்ளை மணலே. ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அது ஓடாமல் நேரே உள்ளே இறங்கிவிடும். கீழே நாலா பக்கமிருந்தும் கடல்நீர் ஊறி நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது, உப்புத் தண்ணீர் எடை கூடியது. ஆகவே மழைநீர் உப்புநீரின் தலைமேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கும். தீவின் நடுவில் கொஞ்சம் தடிப்பு, கரையோரம் ஒன்றுமில்லை. கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் இருக்க வேண்டும். நிஜத்தில் பவள மணல் சல்லடை மாதிரி. வேலியேற்றமும் வேலியிறக்கமும், அதாவது கடல் ஏறி இறங்கும் ஓதம், தினமும் இரண்டு தடவை அந்த வில்லையைக் கலக்கிவிடுகின்றன. கிடைப்பது அதில் சிறு பங்கு.

இந்தக் கிணற்றில் வாளியைக் கயிற்றில் விட்டு இறைத்தால் மேலாக நிற்கும் நீர் மட்டும் வரும், ராத்திரி திரும்ப ஊறும். மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் கதை வேறு. நல்ல நீர் குறையும் இடத்தில் கீழிருந்து உப்புநீர் கூம்பு போல எழும்பி வரும். ஒரு தடவை உவர் ஏறிய கிணறு நல்ல மழைக்காலம் ஒன்று இரண்டு கழியாமல் பழைய நிலைக்கு வராது. நம் கடலோர விளைகளில் போர் போட்டு உவர் ஏறவிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, கழிவறைக் குழி. மணல் வழியாக எதுவும் வடிகட்டாமல் ஓடும். வீட்டுக்கு வீடு கிணறு, வீட்டுக்கு வீடு குழி என்று நெருங்கிவிட்டால் கிணற்று நீரை நம்பிக் குடிக்க முடியாது. இதற்கு நடுவில் பத்தாயிரம் விருந்தாளி தினமும் வந்து ஷவரில் குளித்தால் என்ன ஆகும்? அனுமதிச் சீட்டு அங்கே ஒரு மடை மாதிரி. கெடுபிடி என்று எழுதியவர் அந்த மடைக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கவில்லை.

கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே என்று கேட்கலாம். ஆக்குகிறார்கள்தான், அதையும் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-ல் கவரத்தியில் அமைத்த ஆலை நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் அளவு. பிறகு மினிக்காய், அகத்தி, 2024 ஜனவரியில் கட்மத்தில் ஒன்றரை லட்சம் லிட்டர் ஆலை. இதில் உப்பை வடிக்கும் சவ்வு கிடையாது. மேற்பரப்புக் கடல்நீர் 28 டிகிரி வெப்பம். காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் விட்டால் அந்த வெப்பத்திலேயே ஒரு பங்கு ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து 13 டிகிரி குளிர்ந்த நீரைக் குழாயில் ஏற்றி அந்த ஆவியைக் குளிர்வித்தால் நல்ல தண்ணீர். தீவைச் சுற்றிக் கடல் சடாரென்று செங்குத்தாக இறங்குவதால் சில நூறு மீட்டர் குழாயிலேயே அந்த ஆழம் எட்டிவிடும். சென்னைக் கரையில் இதைச் செய்ய 2007-ல் 40 கிலோமீட்டர் வெளியே மிதவையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருந்தது. தீவுகளில் சிக்கல் அந்த ஆழ்குழாயும் மின்சாரமும். பருவமழைக் காலத்து அலை குழாயை அசைத்துவிடும். காற்றை உறிஞ்சும் பம்பு நின்றால் ஆலையும் நிற்கும். மின்சாரத்துக்கு முக்கிய ஆதாரம் டீசல், அந்த டீசலும் கரையிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும்.

மக்களைப் பற்றிக் கட்டுரை சொன்னதில் பாதி சரி. பெரும்பாலோர் முஸ்லிம்கள்; ஏறக்குறைய 95 சதவீதத்தினர் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். தாயும் தந்தையும் தீவில் பிறந்தவர்களானால்தான் அந்தப் பட்டியலில் இடம். வெளியார் நிலம் வாங்கிக் குடியேற முடியாததும் இதை ஒட்டியதுதான். வடக்குத் தீவுகளில் பேச்சு ஜெசரி. மலையாளம் தெரிந்த நம்மவருக்கும் முதல் நாள் காது பிடிக்காது, இரண்டாம் நாள் பிடித்துவிடும். மினிக்காயில் அதுவும் உதவாது. அங்கே மஹல், மாலத்தீவு மொழியின் உறவு, தானா எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுவது. சொத்து பெண்வழி போகும் தறவாட்டு முறையைக் கட்டுரை 'உலக அதிசயம்' என்கிறது. நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே பெண்வழிச் சொத்துரிமையான மருமக்கள்வழி இருந்த ஊரில் அச்சாகும் பதிப்பு, கொஞ்சம் அடக்கமாக எழுதியிருக்கலாம்.

ஆட்சி அமைப்பு எளிது, அதுவே அங்குள்ளவர்களின் குறையும் கூட. சட்டமன்றம் கிடையாது. குடியரசுத் தலைவர் நியமிக்கும் நிர்வாகிதான் எல்லாம். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது ஒரு மக்களவை உறுப்பினரையும் பஞ்சாயத்துகளையும்தான். பி.எம். சயீத் 1967 முதல் 2004 வரை தொடர்ந்து அந்த இருக்கையில் இருந்து, மக்களவைத் துணைத் தலைவராகவும் ஆனார். வழக்கு என்றால் எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர்நீதிமன்றம். 'கேரள மாவட்டம்' என்ற மயக்கம் இங்கிருந்து வந்திருக்கலாம். 2021-ல் நில மேம்பாட்டு வரைவு விதிகளை நிர்வாகம் வெளியிட்டபோது தீவு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதற்கும், கேட்க ஒரு சட்டமன்றம் இல்லாததற்கும் தொடர்பு இல்லாமலில்லை.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. சுலபமான வழி, 'ஸ்போர்ட்ஸ்' என்ற அரசுச் சுற்றுலா அமைப்பின் தொகுப்புப் பயணம். அனுமதியும் அதோடு வந்துவிடும். தனியாகப் போகிறவர் லட்சத்தீவு நிர்வாகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரை மட்டும் நீட்டினால் போதாது. காவல்துறை நற்சான்றும், தீவில் பொறுப்பேற்கும் ஒருவரும் கேட்கப்படும் நிலை உண்டு. விதிகள் மாறுவதால் விண்ணப்பிக்கும் அன்றைய பட்டியலையே பாருங்கள். நற்சான்றில், ஆதாரில், விண்ணப்பத்தில் பெயரின் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கட்டும். நம் ஆட்கள் மாட்டுவது பெரும்பாலும் இதில்தான். அனுமதி குறிப்பிட்ட தீவுக்கு மட்டும். அகத்திக்கு வாங்கிக்கொண்டு கல்பேனியில் இறங்க முடியாது. திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே உறுதி செய்யாமல் கிளம்பக் கூடாது. தீவு ஆட்களே மருத்துவத்துக்கும் படிப்புக்கும் இதே கப்பலை நம்பி நிற்கிறார்கள்.

கப்பல் கொச்சி வெல்லிங்டன் தீவிலிருந்து கிளம்பும். பெரியது எம்.வி. கவரத்தி, 700 பேர் ஏறலாம். கவரத்தித் தீவு 404 கிலோமீட்டர், ஒரு ராத்திரிப் பயணம். பல தீவுகளில் கப்பல் பவளத் திட்டுக்கு வெளியே நின்றுவிடும். பக்கவாட்டுக் கதவு வழியாகச் சிறு படகுக்கு இறங்க வேண்டும். படகு அலையின் மேலே வரும்போது கால் வைக்க வேண்டும், கீழே போகும்போது வைத்தால் விழுவீர்கள். படகுக்காரர் கை நீட்டிச் சொல்லும் நொடிக்குக் காத்திருப்பதே நல்லது. சக்கரம் வைத்த பெட்டி உதவாது, முதுகுப் பை கொண்டு போங்கள். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை கடல் கொந்தளிப்பு, பயணம் தள்ளிப்போகும். பெரும்பாலான தீவுகளில் பவளத் திட்டுக்குள் அடங்கிய உள்கடல் மேற்கே இருந்து தென்மேற்குப் பருவ அலையைத் தாங்கிக்கொள்ளும். ஆந்த்ரோத்துக்கு அதுவும் இல்லை. விமானம் என்றால் அகத்தி மட்டுமே. ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர், ஏடிஆர் ரகச் சிறு விமானம்தான் இறங்கும். பங்காரம் தவிர எங்கும் மது கிடையாது. உயிரற்றது என்று நினைத்துப் பவளத் துண்டைப் பையில் போட்டாலும் அது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கடைசியாக இரண்டு. மாசிக் கருவாடு மாலத்தீவுச் சரக்கு என்று அச்சாகியிருக்கிறது. மினிக்காயிலும் அது தலைமுறை தலைமுறையாகச் செய்யப்படுகிறது. வலை போடாமல், உயிருள்ள இரையை வீசித் தூண்டில் கழியால் பிடித்த சூரை மீனைத் தலை, குடல் நீக்கிக் கீறி, உப்புநீரில் வேகவைத்து, புகை போட்டு, பல நாள் வெயிலில் காயவைப்பார்கள். மரக்கட்டை மாதிரித் தட்டினால் ஒலிக்க வேண்டும். ஈரம் நின்றால் உள்ளே பூசணம் பூக்கும், அந்தத் துண்டு சம்பலுக்கு ஆகாது.

இன்னொன்று வரைபடம். மினிக்காயைக் கவரத்தியின் பக்கத்திலேயே ஒட்டவைத்து வரைந்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அகல ஒன்பதாம் பாகைக் கால்வாய் கிடக்கிறது. ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் ஓடும் சரக்குக் கப்பல்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. ஒக்கி புயலின்போது நம் தூத்தூர், வள்ளவிளை, நீரோடிப் படகுகள் அந்தத் தீவுகளில்தான் போய் ஒதுங்கின. இங்கே அந்த வரைபடத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அதிகம். அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்திய படத்தைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்