டிஜோனில் இருக்கும் தங்கைக்கு: கோழிக்கு ஒரு நேரம், ஒயினுக்கு ஒரு நேரம்

அன்புள்ள தங்கைக்கு,

உன்னோடு குடியிருக்கும் தோழிகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கோக் ஓ வான், அதாவது சிவப்பு ஒயினில் வேகவைத்த கோழி, சமைத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். பர்கண்டியில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் ஊர் திரும்புவது எப்படி என்ற உன் கேள்வி நியாயமானதுதான். நீ அனுப்பிய செய்முறையில் சாமான்களெல்லாம் சரியாக இருக்கின்றன. கோழியையும் ஒயினையும் ஒன்றாகச் சட்டியில் ஊற்றி ஒன்றரை மணி நேரம் கொதிக்க விடச் சொல்லும் வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

பண்ணையில் வயதாகிப்போன சேவலுக்காக ஏற்பட்ட சமையல் இது. ரோமானியத் தளபதி சீசருக்கு, அன்றைய பிரான்சில் வாழ்ந்த கோல் (Gaul) இனத் தலைவன் ஒருவன் சேவலை அனுப்பினான், அவர் அதை ஒயினில் சமைத்துத் திருப்பி விருந்து வைத்தார் என்று சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் ஏதும் இல்லை, அதை விட்டுவிடு. ஓடி ஓடி உரமேறிய சேவலின் தொடையிலும் காலிலும் கொலாஜன் என்ற கடினமான புரதம் நிறைய இருக்கும். இரண்டரை, மூன்று மணி நேரம் மெல்லிய சூட்டில் கிடந்தால்தான் அது கரைந்து ஜெலட்டினாகும். அதே நேரத்துக்குள் ஒயினின் பச்சைப் புளிப்பும் அடங்கி, ஆட்டுக்கால் பாயாவைப் போலச் சாறு உதட்டில் ஒட்டும் பதத்துக்கு வந்துவிடும். இறைச்சிக்கும் ஒயினுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் தேவைப்பட்டதால் இரண்டும் ஒரே சட்டியில் வெந்தன.

கடையில் நீ வாங்கப்போகும் கோழி அப்படிப்பட்டதல்ல. லாபெல் ரூஜ் என்ற பிரெஞ்சுத் தர முத்திரை பார்த்து வாங்கினாலும், குறைந்தது 81 நாட்கள் வளர்ந்தது என்பதற்குத்தான் அந்த முத்திரை உத்தரவாதம். தொடைக்கறி முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும், நெஞ்சுக்கறிக்கு அதுவும் அதிகம். ஒயின் பக்குவப்படட்டும் என்று காத்திருந்தால் கறி நார்நாராகிவிடும். கறி வெந்தவுடன் இறக்கினால் சாறு பச்சை ஒயினாகவே நிற்கும். ஆகவே ஒயினுக்கு உரிய நேரத்தை அதற்குத் தனியாகக் கொடுத்துவிடு என்பதே நான் சொல்ல வந்தது.

முதல் நாள் மாலையே 750 மில்லி சிவப்பு ஒயின் புட்டி ஒன்றை முழுவதுமாக அகலமான பாத்திரத்தில் ஊற்றி, ஒரு கேரட், ஒரு வெங்காயம், இரண்டு பல் பூண்டு, தைம், லாரல் இலை, பார்ஸ்லித் தண்டு ஆகியவற்றைப் போட்டு, பாதியாக வற்றும்வரை கொதிக்க விடு. தொடக்கத்தில் மூக்கைத் துளைக்கும் சாராய நெடி மெல்ல மறைந்து, பழ வாசனை மேலெழுவதை அருகில் நின்றாலே உணரலாம். பினோ நுவார் அல்லது பக்கத்துப் போஜோலேயின் கமே திராட்சை ஒயின் போதும். ஷாம்பெர்தான் போன்ற விலையுயர்ந்த புட்டியைச் சட்டியில் ஊற்றுவது வீண். துவர்ப்பு மிகுந்த கபர்னே ஒயினையும் தவிர்த்துவிடு. வற்ற வற்ற அந்தத் துவர்ப்பு செறிந்து கசப்பில் முடியும். வற்றிய ஒயின் நன்றாக ஆறிய பிறகு, எட்டுத் துண்டுகளாக வெட்டிய கோழியை அதில் ஊறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். பச்சை ஒயினில் இரவெல்லாம் ஊறும் இளங்கோழியின் மேற்பரப்பு மாவுபோல் ஆகிவிடும் என்பதால் அதை நான் ஒருபோதும் செய்வதில்லை.

மறுநாள் கோழியை எடுத்து, துணியால் ஈரமே இல்லாமல் ஒற்றி எடு. இந்த வேலையில் சோம்பல் கூடாது. ஈரமான கறி சிவக்காது, வெளிறிய ஊதா நிறத்தில் வெந்து நிற்கும். அடிகனமான வார்ப்பிரும்புச் சட்டியில் 150 கிராம் லார்டோன், அதாவது உப்பிட்ட பன்றி வயிற்றிறைச்சித் துண்டுகளை, வறுத்தெடுத்துவிட்டு, அந்தக் கொழுப்பிலேயே கோழியின் தோல் பக்கத்தைக் கீழே வைத்து அசைக்காமல் விடு. தோல் சிவந்துவிட்டால் தானாகவே சட்டியை விட்டுக் கழன்று வரும். இழுத்தால் கிழிகிறது என்றால் இன்னும் இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். 60 மில்லி கோன்யாக் பிராந்தியை ஊற்றிக் கொளுத்துவதானால், அடுப்பை அணைத்து, மேலே இருக்கும் புகைபோக்கி விசிறியையும் நிறுத்திவிட்டு, புட்டியிலிருந்து அல்லாமல் ஒரு கோப்பையிலிருந்து ஊற்று. கொளுத்தாமல் வற்றவிட்டாலும் சுவையில் பெரிய குறை வராது.

அதன் பிறகு வடிகட்டிய ஒயினைக் கொதிக்க வைத்து ஊற்றி, கால் லிட்டர் கோழிச் சாற்றையும் சேர்த்து, குமிழி எப்போதாவது ஒன்று எழும் அளவுக்குத் தீயைக் குறைத்துவிடு. இளங்கோழியில் ஜெலட்டின் குறைவு என்பதால், அந்தச் சாற்றைக் கோழிக்கால்களைப் போட்டுக் காய்ச்சினால் நல்லது. நெஞ்சுத் துண்டுகளை 25 நிமிடத்திலேயே எடுத்துவிட்டு, தொடைகளை மட்டும் தொடர்ந்து வேகவிடு. சின்ன வெங்காயத்தையும் 250 கிராம் பட்டன் காளானையும் வெண்ணெயில் தனியாக வதக்கிக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். பழைய முறையில் சேவலின் இரத்தத்தை ஊற்றிச் சாற்றைக் கெட்டியாக்குவார்கள். நமக்கு 30 கிராம் வெண்ணெயில் 30 கிராம் மைதாவைப் பிசைந்து சிறிது சிறிதாகக் கலந்தால் போதும். உப்பை இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும், ஏனெனில் லார்டோன் ஏற்கெனவே உப்பைக் கொண்டுவந்திருக்கும்.

சமைத்தால் மது முழுவதும் பறந்துவிடுமா என்றும் கேட்டிருந்தாய். பறந்துவிடாது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, ஒரு மணி நேரம் கொதித்த உணவில் சேர்த்த மதுவில் ஏறக்குறைய 25 விழுக்காடும், இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 விழுக்காடும் எஞ்சியிருக்கும். மது தொடாதவர்களோ பன்றி இறைச்சி உண்ணாதவர்களோ விருந்துக்கு வருவதாக இருந்தால், முன்பே சொல்லி, அவர்களுக்கு வேறொன்று சமைத்து வைப்பதுதான் முறை.

முடிந்தால் சனிக்கிழமையே சமைத்து முடித்துவிடு. ஒரு நாள் கழித்து மெல்லச் சூடாக்கும்போது சுவை இன்னும் கூடியிருக்கும். அவித்த உருளைக்கிழங்கோ நல்ல ரொட்டியோ உடன் இருந்தால் போதும். சாறு மிஞ்சினால் கொட்டிவிடாதே. திங்கட்கிழமை இரவு அதைச் சூடாக்கி, ஓடு நீக்கி வெந்நீரில் வேகவைத்த முட்டைகளின்மேல் ஊற்றிப் பூண்டு தேய்த்த ரொட்டியோடு சாப்பிடு. முரெத் என்ற பெயரில் உன் ஊர் உணவகங்களில் பரிமாறுவது கிட்டத்தட்ட அதுதான்.

அன்புடன்,
அக்கா