டிப்பைக் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த தோல் இறுக்கச் சிகிச்சை பற்றிய கட்டுரையைப் படித்தேன். யார் செய்துகொள்ளலாம், யாருக்கு வேண்டாம் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் நமக்குச் செய்வது அசல் சிகிச்சைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. என் அக்கா ஏமாந்தது அந்த இடத்தில்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு 54 வயது. தாடைக்குக் கீழே தோல் தளர்ந்துவிட்டது என்று பல நாளாக அவருக்கு மனக்குறை. ஒரு சிகிச்சை நிலையத்தில் ‘தெர்மாஜ்’ செய்கிறோம் என்றார்கள். சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கட்டினார். கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, அரை மணி நேரத்தில் முடித்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கன்னத்தில் இரண்டு இடத்தில் கொப்புளம். அப்புறம் ஒரு தோல் மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டதே, “முதுகிலோ வயிற்றிலோ பேட் ஒட்டினார்களா?” என்றுதான். அப்படி எதையும் ஒட்டவே இல்லை. செய்தது தெர்மாஜே இல்லை என்று அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது.

தெர்மாஜ் ரேடியோ அலையால் தோலின் உள்ளடுக்கைச் சூடாக்குவது. கருவியின் நுனியில் மாட்டி முகத்தில் வைக்கும் டிப் வழியாக இறங்கும் மின்னோட்டம் உடம்பைக் கடந்து திரும்பிப் போக, வேறோர் இடத்தில் பேட் ஒட்டியே ஆக வேண்டும். எந்த இடமும் விட்டுப்போகாமல் இருக்க முகத்தில் கட்டம் கட்டமாக அச்சு பதிப்பது வழக்கம். சூடு பாயும்போது மேல்தோல் வெந்துவிடாமல் இருக்கக் குளிரூட்டியும் பீய்ச்சும். படுத்திருப்பவரே கவனிக்கக்கூடியவை இவை. என் அக்காவுக்கு இதை முன்பே யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பெரும்பாலோர் “மிஷின் ஒரிஜினலா?” என்று மட்டும் கேட்கிறார்கள். அது போதாது. மிஷின் அசலாக இருந்து, டிப் பழையதாக இருக்கலாம். ஒரு டிப் ஒருவருக்கு, ஒரே முறைக்குத்தான். அதற்குள் இருக்கும் சிப் எத்தனை ஷாட், அதாவது எத்தனை முறை சூடு பாய்ச்சுவது, மிச்சம் என்று எண்ணிக்கொண்டே வரும். அந்த எண்ணிக்கையைத் திருத்தி, பயன்படுத்திய டிப்பையே அடுத்தவருக்கு வைக்கும் அநியாயமும் நடக்கிறது. டிப்பின் முகப்பில் மெல்லிய படலம் ஒன்று உண்டு, மின்னோட்டத்தைச் சீராகப் பரப்புவது அதுதான். அது தேய்ந்தாலோ கிழிந்தாலோ ஓரிடத்தில் சூடு குவிந்து தோல் வெந்துவிடும். ஆகவே சீல் வைத்த உறையை நம் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். சீரியல் நம்பரைப் படம் எடுங்கள். தொடங்கும்போதும் முடிந்ததும் ஸ்க்ரீனில் இருக்கும் எண்ணிக்கையைப் பாருங்கள். உறையில் இருக்கும் எண்ணை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த எண்ணோடு தயாரிப்பு நிறுவனத்துக்கே எழுதிக் கேட்கலாம். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் இடத்தில் படுக்கவே வேண்டாம்.

தோலை இறுக்க அல்தெரபி என்றும் ஒரு சிகிச்சை உண்டு, அது வேறு வகை. அது குவித்த அல்ட்ராசவுண்ட். சிகிச்சை நடக்கும்போதே தோலின் அடுக்குகள் ஸ்க்ரீனில் படமாகத் தெரிய வேண்டும். குவித்த அல்ட்ராசவுண்ட் மிஷின்களைப் பொதுவாக ஹைஃபூ என்பார்கள். படம் இல்லாத ஏதோ ஒரு ஹைஃபூ மிஷினை அந்தப் பெயர் சொல்லி விற்றால் அது பொய்.

சுவரில் மாட்டியிருக்கும் ‘எஃப்.டி.ஏ. பதிவுச் சான்றிதழை’ப் பார்த்தும் மயங்க வேண்டாம். எஃப்.டி.ஏ. என்பது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. அது பதிவுச் சான்றிதழ் என்று எதையும் யாருக்கும் கொடுப்பதில்லை. பதிவு செய்வது வேறு, விற்க அனுமதி பெறுவது வேறு. அனுமதி பெற்ற கருவிகளின் பட்டியலை அவர்களுடைய இணையதளத்திலேயே யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

இந்த ஏமாற்று ஏன் இவ்வளவு சுலபமாக நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அசல் சிகிச்சையிலேயே பலன் மெதுவாகத்தான் வரும். சூடுபட்ட பிறகு, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாக இரண்டு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம்கூட. பலனும் ஆளுக்கு ஆள் மாறும். செய்த அன்று தெரியும் இறுக்கத்தில் வீக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆறு மாதம் கழித்து ஒன்றும் மாறவில்லையே என்று போய்க் கேட்டால், “உங்கள் தோல்வாகு அப்படி” என்று சொல்லிவிடலாம். அக்காவுக்குக் கொப்புளம் வராமல் இருந்திருந்தால் அவரும் அதை நம்பியிருப்பார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இதழில் இத்தகைய சிகிச்சைகளுக்கு விளம்பரம் வருகிறது. எந்தக் கருவி, செய்பவரின் மருத்துவத் தகுதி என்ன, டிப் ஒருவருக்கு மட்டும்தானா என்ற மூன்றையும் விளம்பரத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று கேளுங்கள். சொல்ல மறுப்பவர்களின் விளம்பரத்தைத் தயவுசெய்து வெளியிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி