ஒப்பந்தத்தை நீயும் படி

அன்புள்ள தேவிக்கு,

என் நாவலைப் படமாக்க உரிமை கொடுங்கள் என்று டைரக்டரே வீடு தேடி வந்து கேட்கிறார், இன்னும் என்னம்மா யோசனை என்று சலித்துக்கொண்டாய். போனில் பதில் சொன்னால் என்னை முடிக்க விடமாட்டாய், அதனால்தான் கடிதம்.

கதையை மாற்றிவிடுவார்களே என்ற பயம் எனக்குப் பெரிதாக இல்லை. நம் பக்கத்துப் பூமணியின் 'வெக்கை' மகன் சிதம்பரத்தின் பின்னால் போகிற நாவல். 2019-இல் 'அசுரன்' படமானபோது சிதம்பரத்தின் அப்பாதான் முன்னுக்கு வந்தார். அதனால் நாவலுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. எனக்கு உறுத்துவது பேச்சு. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும் என் கதைப் பெண்களின் பேச்சை "எல்லாருக்கும் புரிகிற மாதிரி" மாற்றிக்கலாம் என்று அந்த டைரக்டர் தம்பி சர்வசாதாரணமாகச் சொல்கிறார். நல்ல பிள்ளைதான், நாவலை அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறார். ஆனால் அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் அவர்கள் வேறு யாரோ.

கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ் 1967-இல் வெளிவந்த 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலை 2014-இல் சாகும்வரை படமாக்க விடவில்லை. ஒரு படத்துக்குள் அடங்காது, ஸ்பானிஷ் தவிர வேறு மொழியில் கூடாது என்பது அவர் கட்சி. பிறகு மகன்கள் இருவரும் நெட்ஃபிளிக்சுக்குச் சம்மதித்தார்கள். ஸ்பானிஷ் மொழியிலேயே, பெரும்பாலும் கொலம்பியாவிலேயே, தொடராக எடுத்து 2024 டிசம்பரில் முதல் எட்டு பகுதிகள் வந்தன. அப்பா பேச்சை மீறிவிட்டார்கள் என்று சிலர் சொல்லலாம். எனக்கென்னவோ, அவர் எதற்குப் பயந்தாரோ அதைப் புரிந்துகொண்டு செய்த மாதிரிதான் தெரிகிறது.

இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்றால், எனக்குப் பிறகு 60 வருஷம் என் நாவலின் உரிமை உங்கள் கையில்தான் இருக்கும். அவர்கள் கொடுத்த தாளில் "உலகம் முழுவதும், நிரந்தரமாக, எல்லா மொழிகளிலும்" என்று போட்டிருக்கிறது. காலம் குறிப்பிடாமல் விட்டிருந்தால்கூடச் சட்டப்படி ஐந்து வருஷம்தான். இவர்கள் விவரமாக எழுதிவிட்டார்கள்! நான் கேட்டிருப்பது இதுதான்: ஐந்து வருஷம், தமிழில் ஒரே ஒரு படம், அதற்குள் எடுக்காவிட்டால் உரிமை திரும்பிவிட வேண்டும். வசனத்தை நம் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும். அதற்காகப் பணம் குறைந்தாலும் சரி என்றேன். டைரக்டர் தலையாட்டினார், தயாரிப்பாளர்தான் இழுக்கிறார்.

மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் நகல் அனுப்பியிருக்கிறேன். தொடர், மறு ஆக்கம் பற்றிய பத்தியை மட்டும் இரண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். திங்கட்கிழமை மறுபடி வருகிறார்களாம், அதற்குள் உன் அபிப்பிராயம் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
அம்மா